படிக்கும்போதே சம்பளத்தோடு பகுதி நேர இன்டர்ன்ஷிப்: வேலூர் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஆறு பேர் உட்காரும் சின்ன ஆபீஸ் ஒன்று நடத்துகிறேன். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும்தான் தொழில். வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகளைப் பகுதி நேர இன்டர்னாக, சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். ஜூன் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே பதினைந்து கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2019 வரை மூன்றும் ஒரே மாவட்டம்தானே. எங்கள் அப்பாவுக்கு இன்னமும் எல்லாமே வட ஆற்காடுதான். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்து போனதையே அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்டர்ன்ஷிப், பார்ட் டைம் வேலை, அப்ரண்டிஸ், இன்பிளாண்ட் டிரெய்னிங், எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பெயரைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

பார்ட் டைம் வேலையில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் செய்து காசு வாங்குகிறீர்கள். காந்தி ரோடு லாட்ஜில் சாயங்காலம் ரிசப்ஷனில் உட்கார்வது பார்ட் டைம் வேலை. சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் தங்கும் தெரு அது. இந்தியோ வங்காளியோ பேசத் தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். நல்ல வேலைதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்தும் அதே சாவியைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்டர்ன்ஷிப்பில் உங்கள் வேலையை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். சேரும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் "நான் செய்வதை யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் அது இன்டர்ன்ஷிப். "அதெல்லாம் நீயே பார்த்துக் கத்துக்கலாம்மா" என்றால் குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அர்த்தம்.

அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் வருவது, அதற்குத் தனி ஒப்பந்தம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். இன்பிளாண்ட் டிரெய்னிங் என்பது கல்லூரியிலிருந்து கூட்டமாகப் போய் ஒன்றிரண்டு வாரம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது. பெரும்பாலும் அதில் சம்பளம் கிடையாது.

வேலூர் பக்கத்தில் எங்கேதான் கிடைக்கும்? எல்லோரும் சென்னை, பெங்களூரு என்கிறார்களே?

தேடுகிற இடத்தைப் பொறுத்தது. ஆன்லைனில் வரும் அறிவிப்புகளில் வேலூர் என்று போட்டுத் தேடினால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். இங்கே ஆள் எடுப்பவர்கள் அங்கே விளம்பரம் போடுவதில்லை. தெரிந்தவர் சொன்னால் எடுப்பார்கள், நேரில் போய்க் கேட்டாலும் எடுப்பார்கள்.

முதலில் ஆடிட்டர் ஆபீஸ்களும் எங்களைப் போன்ற கணக்கு ஆபீஸ்களும். பி.காம்., பிபிஏ பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. மாதம் 11 தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20 தேதிக்குள் இன்னொன்று என்பதால் அந்த நாட்களில் எல்லா ஆபீசிலும் கை போதாது. ஜூலையில் வருமான வரிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஜூன் முதல் வாரத்தில் போய்க் கேட்டவருக்குக் கிடைக்கும், ஜூலை கடைசியில் போனால் உங்களிடம் பேசக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. சிஏ படிப்பவர்களின் ஆர்ட்டிகிள்ஷிப் வேறு சமாச்சாரம், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அடுத்தது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தப் பட்டை நம் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணில் ஏன் படுவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. டேனரி என்றதும் நாற்றமும் ட்ரம்மும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஷூ கம்பெனியின் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருக்கு மெயில் எழுத ஆள் வேண்டும். சாம்பிள் எப்போது போகும் என்று பின்தொடர ஆள் வேண்டும். இன்வாய்சும் பேக்கிங் லிஸ்ட்டும் தயார் செய்ய ஆள் வேண்டும். ஒரு கார்ட்டனில் எத்தனை ஜோடி, எந்த சைஸில் எத்தனை என்று பேக்கிங் லிஸ்ட்டில் இருப்பதும் இன்வாய்சில் இருப்பதும் ஒரு ஜோடி பிசகினாலும் சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். இதை மூன்று மாதம் செய்தவருக்கு ஏற்றுமதி என்றால் என்னவென்று வகுப்பில் இரண்டு வருஷம் கேட்டதைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வேதியியல் படிக்கிறவர்களுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் லேப் இருக்கிறது. பாலாற்றைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த பிறகு, கழிவுநீரைப் பரிசோதிப்பது இங்கே ஒரு நிரந்தர வேலையாகிவிட்டது. தொழிற்சாலை நேரம் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஓடும் என்பதால் வார நாட்களில் பகுதி நேரம் கஷ்டம். சனிக்கிழமையும் செமஸ்டர் லீவும் சேர்த்துப் பேசிப் பாருங்கள்.

மூன்றாவது வீட்டிலிருந்தே செய்யும் வேலைகள்: வெப்சைட், கன்டென்ட், டிசைன், டேட்டா. இவற்றுக்கு இன்டர்ன்ஷாலா மாதிரித் தளங்களில் தேடலாம். பகுதி நேரம் என்று தனியாக வடிகட்டும் வசதி உண்டு. தமிழில் நன்றாக எழுத வருமானால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். மற்ற ஊர்க்காரர்களோடு போட்டி போடும்போது நம் கையில் இருக்கும் சரக்கு அதுதான்.

விவசாயம், உயிரியல் படிப்பவர்கள் விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். குடியாத்தம் எங்கள் ஊர் என்பதால் சொல்கிறேன், அங்கே லுங்கி மொத்த வியாபாரிகள் சிலர் ஆன்லைன் விற்பனைக்குப் படம் எடுத்துப் பதிவேற்ற ஆள் தேடுகிறார்கள். விளம்பரமெல்லாம் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

எவ்வளவு கொடுப்பார்கள்? எவ்வளவு கேட்கலாம்?

மாணவர் இன்டர்னுக்கு இத்தனை ரூபாய் தந்தே ஆக வேண்டும் என்று நிர்ணயித்த தொகை எதுவும் இல்லை. பேசி முடிப்பதுதான். எங்கள் ஆபீசில் தினம் மூன்று மணி நேரத்துக்கு மாதம் 5,000 கொடுக்கிறோம், இரண்டு மாதம் கழித்துக் கொஞ்சம் ஏற்றுவோம்.

மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். மாதம் 22 நாள், மூன்று மணி நேரம் என்றால் 66 மணி நேரம். 5,000-ஐ வகுத்தால் மணிக்கு 75 ரூபாய் சொச்சம். பரவாயில்லை. இதே வேலைக்குக் குடியாத்தத்திலிருந்து தனியாக வந்து போகிறீர்கள் என்றால் போக வர இரண்டரை மணி நேரம், மாதத்துக்கு 55 மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். ஒரு நாளைக்கு 60 ரூபாய் பஸ் செலவு என்று வைத்தால் 1,320 கழியும். மிச்சம் 3,680 ரூபாய், செலவிட்ட நேரம் 121 மணி. மணிக்கு 30 ரூபாய்தான் தேறும். கல்லூரியே வேலூரில்தான் என்றால் இந்தப் பயணக் கணக்கைச் சேர்க்க வேண்டாம், எப்படியும் வரத்தானே போகிறீர்கள். கல்லூரி பஸ் பாஸ் கல்லூரி வழிக்கு மட்டும்தான் செல்லும், அதையும் கவனியுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, இலவசம்தான். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று ஊருக்குள்ளேயே தேடும் பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

கேட்கும்போது கூச்சப்பட வேண்டாம். "ஸ்டைபெண்ட் எவ்வளவு சார், எந்தத் தேதிக்கு வரும்?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

வகுப்பும் வேலையும் எப்படி ஒத்துப்போகும்?

அரசுக் கலைக் கல்லூரியில் படிப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். முதல் ஷிப்டில் இருந்தால் மத்தியானத்துக்கு மேல் சாயங்காலம் வரை நேரம் உங்களுடையது. இரண்டாவது ஷிப்ட் என்றால் காலை நேரம் கிடைக்கும். இந்த ஷிப்ட் முறையை எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். என்னிடம் வந்த நல்ல இன்டர்ன்கள் பெரும்பாலும் ஷிப்ட் பிள்ளைகள்தான்.

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க வகுப்பும் லேபும். விஐடி போன்ற இடத்தில் கேட், ஃபேட் என்று தேர்வு வந்துகொண்டே இருக்கும், ஹாஸ்டலில் இருந்தால் உள்ளே வர நேரக் கட்டுப்பாடும் உண்டு. அவர்களுக்கு வீட்டு வேலையாகவோ வாரக் கடைசியாகவோ இருப்பது நல்லது.

வாரத்துக்கு 15 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. 75 சதவீத அட்டென்டன்ஸ் போனால் பரீட்சையே போய்விடும், ஸ்டைபெண்ட் அதைக் காப்பாற்றாது. திருவள்ளுவர் பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் நவம்பர், ஏப்ரல் தேர்வு மாதங்கள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் வர முடியாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நவம்பர் முதல் தேதி "நாளையிலிருந்து லீவு" என்று வாட்ஸ்அப் அனுப்புகிறவர்களால்தான் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளை எடுக்க முதலாளிகள் யோசிக்கிறார்கள்.

கல்லூரியில் அனுமதி வாங்க வேண்டுமா? கிரெடிட் கிடைக்குமா?

கிரெடிட்டுக்காகப் போனால் அனுமதி கட்டாயம். வகுப்பு முடிந்து நீங்களாகப் போவதற்கு அவசியமில்லை என்றாலும் துறைத்தலைவர் காதில் போட்டு வைப்பது நல்லது. இளநிலைப் படிப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு 60 முதல் 120 மணி நேரம், 2 முதல் 4 கிரெடிட் என்று யுஜிசி வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. வாரத்துக்கு 12 மணி நேரம் என்றால் பத்து வாரத்தில் 120 மணி முடிந்துவிடும். சம்பளம் வாங்கிய இன்டர்ன்ஷிப்பை ஏற்கமாட்டோம் என்று சில துறைகளில் வாய்வழியாகச் சொல்கிறார்களாம். அப்படிச் சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் கல்லூரியில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), போனஃபைட் சர்டிபிகேட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று) இரண்டும் வாங்கி வையுங்கள். ஆபீஸில் கேட்டபிறகு ஓடினால் கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருப்பார். எப்போதும் அப்படித்தான்.

முதல் நாள் என்ன செய்யச் சொல்வார்கள்?

எங்கள் ஆபீசில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மாதக் கடைசியில் பழைய ஷூ அட்டைப் பெட்டியில் பில்களைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். கம்பிக் கடை பில், சிமெண்ட் பில், பெட்ரோல் பில், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. முதல் நாள் வேலை அந்தப் பெட்டியைப் பிரிப்பது. தேதிவாரியாக அடுக்க வேண்டும். தெர்மல் பேப்பரில் அடித்த பில்லில் எழுத்து மங்கிக்கொண்டே போகும், அதை முதலில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்கச் சொல்வேன். 15 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து பான் எண். 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு. போன வருஷம் ஒரு பையன், இரண்டாம் வருஷ பி.காம்., நாற்பது பில் அழகாக டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிவிட்டான். எல்லாவற்றிலும் வரியைச் சரிபாதியாக மத்தியம், மாநிலம் என்று பிரித்திருந்தான். அதில் ஆறு பில் 37-இல் ஆரம்பித்தன. "இது எந்த ஊர்ப்பா?" என்றேன். "சித்தூர், மேடம். இங்கதானே, ஒரு மணி நேரம்" என்றான். சித்தூர் பக்கம்தான், ஆனால் ஆந்திரா. மாநிலம் தாண்டி வந்த சரக்குக்குப் பாதி பாதியாகப் பிரிக்காமல் ஒரே வரி, அதன் பெயர் ஐஜிஎஸ்டி. அந்த ஆறு பில்லும் விற்றவர்கள் பதிந்த பில்களைக் காட்டி 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் டூ-பி அறிக்கையோடு ஒத்துப்போகாமல் நின்றிருக்கும். அவனையே ஆறையும் அழித்துத் திரும்ப ஏற்றச் சொன்னேன். எல்லைப்புறத்து ஊரில் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த 33-உம் 37-உம் பாடப் புத்தகத்தில் படித்தால் ஏறாது, ஒருமுறை தப்புப் பண்ணினால் ஜென்மத்துக்கும் மறக்காது. இப்போது அவன்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பெட்டி பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறான்.

டீ வாங்கி வரச் சொன்னால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். எல்லோரும் முறை வைத்து வாங்கினால் நீங்களும் வாங்குங்கள். உங்களை மட்டும் தினமும் அனுப்பினால், இன்டர்ன் என்ற பெயரில் உங்களை எதற்கு எடுத்தார்கள் என்பது விளங்கிவிட்டது.

எழுத்தில் என்ன வாங்க வேண்டும்? சின்ன ஆபீஸில் ஆஃபர் லெட்டர் எல்லாம் தருவார்களா?

இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. காரணம் உண்டு. மூன்றாம் வருஷம் படிக்கும்போது நான் ஒரு ஆபீஸில் நாலு மாதம் சாயங்கால வேலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். மாதம் 1,500 என்று வாயால் பேசினார்கள். முதல் மாதம் வந்தது. அப்புறம் "அடுத்த வாரம்மா" என்று மூன்று மாதம் ஓடியது. கடைசியில் போய்க் கேட்டதற்கு, "உனக்குத் தொழில் கத்துக்கொடுத்ததுக்கு நாங்கதான் காசு வாங்கணும்" என்று சிரித்தார். என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

லெட்டர்பேடில் அரைப் பக்கம் போதும். என்றிலிருந்து என்றுவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியில் வரும், உங்கள் வேலையைப் பார்ப்பவர் யார், தேர்வு லீவு எத்தனை நாள், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். லெட்டர்பேடே இல்லாத ஆபீஸ் என்றால் இந்த விவரங்களை நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி, "பேசியது சரிதானா சார்?" என்று கேட்டு அனுப்புங்கள். அவர் "ஓகே" என்று ஒரு வார்த்தை போட்டாலே அதுவும் ஒரு சாட்சி. ஸ்டைபெண்ட் பேங்க் கணக்கில் வரட்டும். கையில் வாங்கினால் பிறகு நிரூபிக்க வழியில்லை.

ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையோ கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். இத்தனை மாதம் விலக மாட்டேன் என்று இன்டர்னிடம் பாண்ட் எழுதிக் கேட்கிற இடத்தில் ஒரு நாளும் உட்கார வேண்டாம்.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 2,000 கட்டினால் இன்டர்ன்ஷிப்பும் சர்டிபிகேட்டும் உறுதி என்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. காசு உங்களிடமிருந்து அவர்களுக்குப் போனால் அது படிப்பு அல்லது மோசடி, இரண்டில் ஒன்று. படிப்பு என்றால் படிப்பு என்று சொல்லி விற்கட்டும்.

இதில் இன்னொரு ரகம் டெலிகிராமில் வருவது. "வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப், ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டால் ஒரு டாஸ்க்குக்கு 50 ரூபாய்" என்று ஆரம்பிக்கும். முதலில் 150, 200 என்று உண்மையாகவே வரும். அப்புறம் "ப்ரீபெய்டு டாஸ்க்" என்று உங்களைப் பணம் போடச் சொல்வார்கள். போட்டால் போனதுதான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

உங்கள் பேங்க் கணக்கைப் "பேமெண்ட் வாங்க" வாடகைக்குக் கேட்கிறவர்களும் உண்டு. கொடுத்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 தருகிறார்களாமே, அதற்குப் போடலாமா?

ஆரம்பத்தில் வைத்த விதிப்படி, ரெகுலர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் முடியாது. 2024 அக்டோபரில் சோதனை முறையில் ஆரம்பித்தபோது போட்ட நிபந்தனைகள்: வயது 21 முதல் 24 வரை, முழு நேரப் படிப்பிலும் முழு நேர வேலையிலும் இருக்கக் கூடாது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். மாதம் 5,000 ரூபாயும், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாயும். காலம் 12 மாதம் என்றார்கள். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். தொலைதூரக் கல்வியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பல நேரம் போய்ச் சேருவதே இல்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்தபிறகு என்றால் மத்திய அரசின் என்ஏடிஎஸ் அப்ரண்டிஸ் திட்டம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். 2019-இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000. விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசு ஆரம்பித்த நான் முதல்வன் பெரும்பாலும் திறன் பயிற்சி. அதில் ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு வந்து இன்டர்ன்ஷிப் கேட்டால் பேச்சு சுலபமாக ஓடும்.

ஸ்டைபெண்டில் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஏன்?

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. சில கம்பெனிகள் இன்டர்னுக்குக் கொடுப்பதைத் தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கு எழுதிப் பத்து சதவீதம் பிடிக்கும். பணம் எங்கும் போகவில்லை, உங்கள் பான் எண்ணில் அரசிடம் இருக்கிறது. வருஷ வருமானம் வரி வரம்பைத் தாண்டாத மாணவர் என்றால், ரிட்டர்ன் போட்டால் திரும்பி வந்துவிடும். பான் இல்லையென்றால் ஆதாரை வைத்து வருமான வரித் தளத்தில் இலவசமாகவே இ-பான் எடுக்கலாம், அதற்கு யாருக்கும் 300 ரூபாய் தர வேண்டியதில்லை. பிடித்தோம் என்று சொல்கிறவர்கள் பிடித்ததைக் கட்டினார்களா என்று, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தை வருமான வரித் தளத்தில் எடுத்துப் பாருங்கள். கட்டாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பெண். சாயங்கால வேலை என்றதும் வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.

விட மாட்டார்கள்தான். நானும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தேன். சண்டை போடாமல் அம்மாவையோ அண்ணனையோ ஒருநாள் ஆபீஸுக்குக் கூட்டி வாருங்கள். எங்கே உட்காருவேன், பக்கத்தில் யார், கடைசி பஸ் எப்போது என்று அவர்களே பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பெற்றோரைக் கூட்டிவர வேண்டாம் என்று முகம் சுளிக்கும் ஆபீஸ் உங்களுக்கும் வேண்டாம்.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருஷச் சட்டம் பயிற்சிக்கு வருகிறவர்களையும் காக்கிறது, சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். என் ஆபீஸ் மாதிரிச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு, முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கே போகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. இரண்டு அரியர் வேறு இருக்கிறது.

அரியரை நான் கேட்பதே இல்லை, பெரிய கம்பெனிகள் கேட்கும். ஆங்கிலம் பேச வராவிட்டால் பரவாயில்லை, ஒரு மெயிலைப் படித்து என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். எக்ஸெல் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும்.

எப்படிப் போய்க் கேட்பது? என்ன எழுதுவது?

"டியர் சார், ஐ ஆம் எ ஹைலி மோட்டிவேட்டட்" என்று ஆரம்பிக்கும் மெயில் எனக்கு மாதம் பத்து வருகிறது. எல்லாம் ஒரே அச்சு. போன ஜூனில் ஒரு பெண் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்:

"வணக்கம் மேடம். நான் பி.காம். இரண்டாம் வருஷம், முதல் ஷிப்ட். மதியம் 2 மணிக்கு மேல் ஃப்ரீ. டேலியில் பர்ச்சேஸ் என்ட்ரி போடத் தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் வர முடியும், நவம்பரில் தேர்வுக்கு மூன்று வாரம் தவிர. நாளை 3 மணிக்கு நேரில் வரலாமா?"

எனக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தது கூடுதலாகப் பிடித்தது. மறுநாள் 2:50-க்கு வந்து வாசலில் நின்றாள்.

பேசிய பணம் வரவில்லை. என்ன செய்வது?

தேதி தாண்டி ஒரு வாரம் பொறுங்கள், சின்ன ஆபீஸ்களுக்கும் வசூல் தடைபடும். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள்: "செப்டம்பர் மாத ஸ்டைபெண்ட் 5,000 ரூபாய் அக்டோபர் 5-ஆம் தேதி வர வேண்டியது, இன்னும் வரவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று தெரிவியுங்கள் சார்." கோபம், கெஞ்சல் இரண்டும் வேண்டாம். இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள். நான் செய்த தப்பு அதுதான், மூன்று மாதம் காத்திருந்தேன். கல்லூரி வழியாகப் போயிருந்தால் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த வருஷம் அந்தக் கல்லூரியிலிருந்து ஆள் வராது என்றால் பல பேருக்குப் பர்ஸ் திறந்துவிடும்.

கடைசியில் சர்டிபிகேட்டில் என்ன இருக்க வேண்டும்?

"சிறப்பாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்தால் பயனில்லை. தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை மூன்றும் வேண்டும். "ஜூன் 16 முதல் டிசம்பர் 12 வரை, 300 மணி நேரம், ஏழு கடைகளின் கொள்முதல் பதிவு, டூ-பி ஒப்பீடு" என்று இருந்தால் இன்டர்வியூவில் எதிரில் இருப்பவருக்குக் கேட்க விஷயம் கிடைக்கும். வாசகத்தை நீங்களே டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், எந்த முதலாளியும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கு வேலை மிச்சம். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கேளுங்கள். 11, 20 தேதிகளிலும் மார்ச் கடைசி வாரத்திலும் மட்டும் என்னிடம் வராதீர்கள்.